மூன்றரை லட்சத்துக்குப் பழைய வேகன்ஆரா, கொஞ்சம் லோன் போட்டுப் புது ஆல்ட்டோவா?

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. மதுரையில் இருக்கிறேன். இதுவரை பைக் மட்டும்தான். கார் ஓட்டத் தெரியும், சொந்தமாக வைத்ததில்லை. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி, அப்புறம் உசிலம்பட்டியில் அக்கா வீடு, இதற்குத்தான் கார் வேண்டும். கையில் மூன்றரை லட்சம் இருக்கிறது. தெரிந்தவர் மூலமாக ஒரு வேகன்ஆர் வந்திருக்கிறது: 2016 வி.எக்ஸ்.ஐ மாடல், பெட்ரோல், ஒரே ஓனர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மீட்டரில் 58,000 கிலோமீட்டர், கேட்கும் விலை 3.40. மச்சான் என்னவென்றால், "அடுத்தவர் ஓட்டித் தேய்த்த வண்டி எதற்கு, ஜி.எஸ்.டி குறைந்துவிட்டதே, ஒரு லட்சம் லோன் போட்டுப் புது ஆல்ட்டோ எடு" என்கிறார். இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. சொல்லுங்கள்.

சிங்காநல்லூர் ஷெட்:
தம்பி, யோசிக்காமல் வேகன்ஆரைப் போய்ப் பாருங்கள். 22 வருஷமாக ஷெட் வைத்திருக்கிறேன், முட்டி வலிக்காரர்கள் உள்ள வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இந்த வண்டிதான். ஆல்ட்டோ மாதிரி தாழ்வான காரில் ஏற வேண்டுமானால் முதலில் குனிய வேண்டும், பிறகு இடுப்பை இறக்கி உட்கார வேண்டும், இறங்கும்போது மொத்த உடம்பையும் முட்டியில் ஊன்றித் தூக்க வேண்டும். வேகன்ஆரில் சீட் உயரம் கிட்டத்தட்ட இடுப்பு மட்டத்துக்கு வரும், பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்துவிடலாம். 2010-இல் வந்த இரண்டாவது மாடலில் இருக்கும் கே10 இன்ஜின் 998 சிசி, மூன்று சிலிண்டர், குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் 58,000 என்பது ஒன்றுமே இல்லை. பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய இன்ஜின்.

தாம்பரம் ரோடு:
ஷெட் அண்ணன் சொல்வது இன்ஜினுக்குச் சரி, உள்ளே உட்காருகிற மனுஷங்களுக்குச் சரியில்லை. 2016 வி.எக்ஸ்.ஐ-யில் ஏர்பேக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ்ஸும் ஆப்ஷன் மாடலில் மட்டும்தான் வந்தன, சாதா வி.எக்ஸ்.ஐ என்றால் இரண்டும் இருக்காது. நம் நாட்டில் எல்லாப் புதுக் காருக்கும் ஏ.பி.எஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். அதற்கு முந்தைய காரை எடுப்பதென்றால் இவை இல்லாமல் எடுப்பதாகத்தான் பெரும்பாலும் முடியும். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் 2019-இல் சோதித்த புது வேகன்ஆரே ஐந்தில் 2 நட்சத்திரம்தான் வாங்கியது. அதே அமைப்பு 2020 ஜனவரியில் டாடாவின் டியாகோ காருக்கு 4 நட்சத்திரம் கொடுத்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற வழியில் லாரியும் பஸ்ஸும் எப்படி வருகின்றன என்று அவருக்கே தெரியும். அம்மாவை உட்காரவைத்துக் கொண்டு போகிற வண்டி இது. புது ஆல்ட்டோவில் இப்போது 6 ஏர்பேக் வருகிறது. லோன் போட்டாலும் பரவாயில்லை, புதுசு எடுங்கள்.

சிங்காநல்லூர் ஷெட்:
6 ஏர்பேக் இருக்கட்டும் சார், அந்த அம்மா அதற்குள் ஏற முடியாமல் வாசலிலேயே நின்றால் என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்குப் போகவே வலி என்றால் அவர்கள் போவதைத் தள்ளிப்போட ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அதுதான் நடந்தது. அப்போது எங்களிடம் இருந்த தாழ்வான காரில் ஏறுவதற்குப் பயந்தே இரண்டு செக்கப்பை விட்டுவிட்டார், காரணத்தைக்கூடச் சொல்லவில்லை, நாங்கள் மறதி என்று நினைத்தோம். டியாகோ கணக்கும் முழுசாகச் சொல்லுங்கள். நட்சத்திரம் வாங்கியது இரண்டு ஏர்பேக் வைத்த கார். இவர் கையில் இருக்கும் காசுக்கு 2017, 2018 டியாகோதான் வரும், அதில் கீழ் மாடலில் ஏர்பேக் வராது. நட்சத்திரம் கம்பெனி பெயருக்குக் கொடுப்பது இல்லை, சோதித்த அந்த மாடலுக்குக் கொடுப்பது.

தாம்பரம் ரோடு:
ஒப்புக்கொள்கிறேன், டியாகோ எடுத்தால் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதையேதான் வேகன்ஆருக்கும் சொல்கிறேன். அப்பா விஷயம் வருத்தமாக இருக்கிறது அண்ணா. ஆனால் ஏறி இறங்குவது சிரமம் என்றால் ஒரு சின்ன ஸ்டூல், ஒரு கைப்பிடி, கூட ஒருவர் என்று எதையாவது செய்து சமாளிக்கலாம். எதிரே வந்து மோதுகிற வண்டியைச் சமாளிக்க முடியாது.

ஈரோடு கணக்கு:
புது வண்டி என்று சொல்பவர்கள் முழுக் கணக்கையும் போட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, ஆல்ட்டோ கே10 ஆரம்ப மாடல் ஷோரூம் விலை நாலு லட்சத்துக்குள் வந்தது, எல்லாம் சரி. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்து லட்சம் வரை உள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி 12 சதவீதம். புது வண்டிக்கு மூன்று வருஷத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸை மொத்தமாகக் கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்தால் ரோட்டுக்கு வரும்போது நாலரை லட்சத்தைத் தொடும், அதுவும் பவர் விண்டோ கூட இல்லாத மாடல். ஒரு லட்சம் லோன், 9 சதவீதம், மூன்று வருஷம் என்றால் மாதம் சுமார் 3,180 ரூபாய். கையில் இருந்த மூன்றரை லட்சமும் காலி. மாதம் நாலு ட்ரிப் ஓடுகிற வண்டிக்கு இது தேவையா? மச்சான் லோன் போடு என்று சொல்வார், தவணை கட்ட வரமாட்டார். அவசரத்துக்கு அம்மா பெயரில் கொஞ்சம் காசு பேங்கில் இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தாமிரபரணி:
எந்தக் கார் என்று எல்லோரும் பேசுகிறீர்கள், அந்த ஒரு குறிப்பிட்ட கார் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் நெல்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் எங்கள் பக்கமும் தூத்துக்குடியும் எப்படி மூழ்கின என்று ஊருக்கே தெரியும், அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. தண்ணீரில் நின்ற வண்டிகளெல்லாம் எங்கே போயிருக்கும்? கழுவி, வாசனை அடித்து, வேறு ஊரில் பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் நிற்கும். நானே ஒன்றில் ஏமாந்தேன். எந்தக் கம்பெனி, யாரிடம் என்று சொல்லவில்லை, வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாவது மாதம் ஹார்ன் தானாக அடித்தது, நடு ராத்திரியில் தெருவே எழுந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் மிதியடியைத் தூக்கி, அடியில் போகும் வயரிங் கப்ளரைக் கழற்றிக் காட்டினார், உள்ளே பச்சை பச்சையாகக் களிம்பு.

அதனால் இப்படிப் பாருங்கள் தம்பி. சீட் பெல்ட்டை மெதுவாகக் கடைசி வரை இழுங்கள், தண்ணீர் ஏறிய வண்டி என்றால் சுருளுக்குள் இருக்கும் பாகத்தில் சேற்றுக் கோடு தெரியும், அதை யாரும் கழுவ மாட்டார்கள். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் கையை விட்டுத் துழாவுங்கள், மணல் வரக்கூடாது.

சிங்காநல்லூர் ஷெட்:
தாமிரபரணி சொன்னது முழுக்க உண்மை. என் பங்குக்கும் கொஞ்சம். காலையில் போங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மூடியைத் திறங்கள். லேசாக மூச்சு விடுவது சகஜம், குபுகுபு என்று புகை தள்ளினால் இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, வந்த வழியே திரும்பிவிடுங்கள். மெதுவாகப் போகும்போது மூன்றாவது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள், சத்தம் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி எல்லாக் கதவிலும் வைத்துப் பாருங்கள், ஒட்டாமல் வழுக்கினால் அங்கே நசுங்கலை மறைக்கப் பட்டி பார்த்திருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், அதில் ஒட்டாது, பயப்படாதீர்கள். கதவில் பட்டி இருந்தால் விலையைக் குறைக்கலாம். கூரையைத் தாங்கும் பில்லரிலோ, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் சட்டத்திலோ வெல்டிங் வேலை தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

58,000 என்பதையும் நம்பிவிடாதீர்கள். பிரேக் பெடல் ரப்பர் வழவழ என்று தேய்ந்து, ஸ்டீயரிங்கில் பத்தும் இரண்டும் மணி இருக்கும் இடம் பளபளத்தால் மீட்டரைத் திருப்பியிருப்பார்கள். ஓனரோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் எத்தனை கிலோமீட்டரில் என்ன வேலை நடந்தது என்ற பழைய விவரம் கிடைக்கும்.

ஈரோடு கணக்கு:
பேப்பரை விட்டுவிட்டீர்களே. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை, லோன் பதிவு இருக்கிறதா என்பது வந்துவிடும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், விற்கும் ஆசிரியருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விற்று முடித்த வண்டியாகவே இருந்தாலும், ஆர்.சி என்ற பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியரின் நோ கிளைம் போனஸ், அதாவது இன்ஷூரன்ஸில் கிளைம் கேட்காததற்குக் கிடைத்த தள்ளுபடி, உங்களுக்கு வராது, அது அவர் கூடவே போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். 2031-இல் 15 வருஷம் முடியும், அப்போது எஃப்.சி என்ற தகுதிச் சான்று, பதிவுப் புதுப்பிப்பு, பசுமை வரி என்று செலவு இருக்கிறது. இதையெல்லாம் சொல்லித்தான் விலை பேச வேண்டும்.

தாம்பரம் ரோடு:
பேப்பரும் இன்ஜினும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஏர்பேக் இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் பொறுத்து, 2019 ஜூலைக்குப் பிறகு வந்த வேகன்ஆரைத் தேடுங்கள். அதே உயரமான சீட், டிக்கி 341 லிட்டர், டிரைவர் ஏர்பேக், ஏ.பி.எஸ். இப்போதைக்கு ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போங்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று காலை ஏழு மணிக்குப் போனேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. பானெட் ஜில்லென்று இருந்தது. ஆயில் மூடியில் புகை இல்லை. பெல்ட் சுத்தம். ஸ்டெப்னி டயர் ஓட்டாததுபோல இருக்கிறது, அதில் 1216 என்று எண், அதாவது 2016-இல் 12-ஆவது வாரம். மற்ற நாலும் 3423, பின்னால் மாற்றியவை. காந்தம் இடது பின்கதவில் மட்டும் வழுக்கியது, நான் கேட்பதற்கு முன்னாலேயே ஆசிரியர் "வீட்டு கேட்டில் நான்தான் இடித்தேன்" என்று பில்லை எடுத்து வந்து காட்டினார். சர்வீஸ் விவரத்தில் கடைசிப் பதிவு 55,900.

அம்மா தானாகவே கதவைத் திறந்து, திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார்கள். என் கையைப் பிடிக்கவில்லை. நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.

ஆனால் இரண்டு பிரச்சினை. ஏர்பேக் இல்லை, சாதா வி.எக்ஸ்.ஐ-தான். அப்புறம், பரிவாகனில் லோன் பதிவு இன்னும் இருக்கிறது. 2020-இலேயே கட்டி முடித்துவிட்டாராம், ரத்து செய்ய வேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை.

ஈரோடு கணக்கு:
பேங்கில், கடன் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி-யும் லோன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வாங்கி ஆர்.டி.ஓ-வில் அவரே ரத்து செய்யட்டும். அது முடிகிற வரை ஒரு ரூபாய் அட்வான்ஸ் வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

தாம்பரம் ரோடு:
நல்ல வண்டி மாதிரிதான் தெரிகிறது. நானாக இருந்தால் ஏர்பேக் இல்லாமல் எடுக்க மாட்டேன், இதில் நான் மாறவில்லை. எடுப்பதென்று முடிவு செய்துவிட்டால் எனக்காக ஒன்று செய்யுங்கள், பின் சீட்டிலும் எல்லோரும் பெல்ட் போட வேண்டும், அம்மா உட்பட, பக்கத்துத் தெருவுக்குப் போனாலும்.

வைகைக்கரை:
ரத்து ஆகி நேற்று பரிவாகனில் காட்டிவிட்டது. 3.20-க்குப் பேசி முடித்தோம், பெயர் மாற்ற விண்ணப்பமும் கொடுத்தாகிவிட்டது. தாம்பரம் அண்ணா, நீங்கள் சொன்னதால் பின் சீட்டைப் பார்த்தேன். பெல்ட் மாட்டும் பூட்டு இரண்டும் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடந்தன, பத்து வருஷமாக யாரும் வெளியே எடுத்ததில்லை போலிருக்கிறது. சீட்டைத் தூக்கி இரண்டையும் வெளியே எடுத்து, தூசி தட்டி, மாட்டி இழுத்துப் பார்த்தேன், கிளிக் என்று பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி போகிறோம்.