.17 வைல்ட்கேட் தோட்டா: கழுத்து பிளப்பது கூட்டின் குற்றமா, பதத்தின் குற்றமா?

காட்பாடி வாசகன்:
டெக்சாஸில் வாழும் என் அண்ணனிடம் .17 (குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்) வைல்ட்கேட் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. எந்த ஆலையும் செய்து விற்காத தோட்டா வகைக்குத்தான் வைல்ட்கேட் என்று பெயர். வேறொரு தோட்டாவின் பித்தளைக்கூட்டை அச்சில் அழுத்தி நாமே உருமாற்றிக்கொள்ள வேண்டும். அவர் .22 ஹார்னெட் என்ற தோட்டாவின் கூட்டில், குண்டைப் பிடிக்கும் கழுத்தை .17க்கு ஒடுக்கினார். ஐம்பதில் பதினொன்று வீணாகிவிட்டன. சில மடிந்தன, சில நீளவாக்கில் பிளந்தன. .221 ஃபயர்பால் என்ற இன்னொரு தோட்டாவின் கூட்டுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார். உங்கள் கருத்து என்ன?

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
தயங்காமல் மாறச் சொல்லுங்கள். படையில் ஆயுதப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவன் சொல்கிறேன். ஹார்னெட் 1930 வாக்கில் வந்த தோட்டா. அதன் கூடு மிக மெல்லியது, அக்காலத்துக் குறைந்த அழுத்தத்துக்காகச் செய்தது. 1963இல் வந்த ஃபயர்பால், .222 ரெமிங்டன் கூட்டைக் குட்டையாக்கியது. சுவரும் அடியும் கனமானவை. அதை .17க்கு ஒடுக்கி ‘மாக் ஃபோர்’ என்ற பெயரில் பலர் பல ஆண்டுகள் சுட்டிருக்கிறார்கள். பிறகு 2007இல் ரெமிங்டனே அதே வழியில் .17 ஃபயர்பாலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: 1959 ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். இங்கே யாரும் கை வைக்க வேண்டாம்.

குடியாத்தம் கன்னார்:
ஹவில்தார் ஐயா, துப்பாக்கியை நான் தொட்டதில்லை. பித்தளையை மூன்று தலைமுறையாகத் தட்டுகிறோம். தோட்டாக்கூட்டில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம் என்று படித்தேன். நன்றாக வளைந்து கொடுக்கும் கலவை அது. ஆனால் அடிக்க அடிக்க, நெருக்க நெருக்க இறுகும். இறுகியதை நெருப்பில் காட்டிப் பதப்படுத்தாமல் மறுபடி நெருக்கினால் குடத்தின் கழுத்தும் பிளக்கும், தோட்டாவின் கழுத்தும் பிளக்கும். மெல்லிய தகட்டில் குங்குமச்சிமிழ் செய்கிறவர்கள் இல்லையா? தம்பி, அண்ணன் ஒரே அழுத்தில் .22இலிருந்து .17க்கு இறக்கினாரா? அப்படியானால் மடிந்ததற்குக் காரணம் அந்த அவசரம்தான். நடுவில் .20 அச்சு ஒன்று வைத்து, இரண்டு படியாக இறக்கச் சொல்லுங்கள்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
நெருப்பு என்று எளிதாகச் சொல்கிறீர்கள், கன்னார் ஐயா. குடத்துக்கு அடிப்பக்கம் இளகினால் ஒன்றும் ஆகாது. தோட்டாவில் அடி இளகினால், வெடிக்கும் வேகத்தில் அது விரிந்து, வாயு சுடுகிறவர் முகத்துக்கே வரும். கழுத்தும், அதை ஒட்டிக் கூடு சரியும் தோளும் மட்டும் சூடேற வேண்டும். அடி கைபொறுக்கும் சூட்டைத் தாண்டவே கூடாது. பழக்கம் இல்லாதவர் கையில் ஊதுவிளக்கைக் கொடுப்பதைவிடக் கனமான கூட்டை வாங்கித் தருவது மேல்.

குடியாத்தம் கன்னார்:
அடியைத் தண்ணீரில் நிறுத்திவைத்துக் கழுத்தை மட்டும் காட்டலாமே. நனைந்தால் இறுகிவிடும் என்ற பயம் எஃகுக்குத்தான். பித்தளையைச் சுடச்சுடத் தண்ணீரில் போட்டாலும் இளக்கம் போகாது. உங்கள் கனமான கூட்டிலும் ஒரு வினை இருக்கிறது. 5.7 மில்லிமீட்டர் குண்டுக்கான கழுத்தை 4.4க்குச் சுருக்கினால் மிஞ்சும் உலோகம் எங்கே போகும்? சுவர்தான் தடிக்கும்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
அதை மறுக்கவில்லை. தடித்த கழுத்து, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைக்குள் விரிய இடமில்லாமல் குண்டை இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் எகிறிவிடும். வெளிப்புறத்தைச் சீவி அளவுக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும். சீவுவதற்கு உலோகம் மிஞ்சுகிறதே, அதற்காகத்தான் கனமான கூடு என்கிறேன்.

ராணிப்பேட்டை ஆய்வகம்:
இருவரும் மடிப்பையும் பிளவையும் ஒன்றாகவே பேசுகிறீர்கள். மடிப்பு அச்சின் வேலை; நீளவாக்குப் பிளவுக்கு வேறு காரணமும் உண்டு. ஆங்கிலேயர் கால இந்தியப் படையில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. சாணம், மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, நெருக்கி இறுகிய பித்தளையைத் தின்றது என்று 1921இல் விளக்கினார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் உப்புகள் போடும் இடத்தில் பித்தளைக் குழாய் வைக்க நாங்கள் அஞ்சுவது இதனால்தான். தம்பி, கூடுகளை எதில் கழுவினார் உங்கள் அண்ணன்?

காட்பாடி வாசகன்:
இப்போதுதான் பேசினேன். பழைய கூடுகள் கறுத்திருந்ததால் வீட்டுப் பித்தளை துலக்கும் திரவத்தில் ஊறவைத்தாராம். புட்டியில் அம்மோனியா என்று எழுதியிருக்கிறது. இரண்டு மூன்று கம்பெனிக் கூடுகளும் கலந்திருக்கின்றன. ஒடுக்கியதும் ஒரே அழுத்தில்தான்.

ராணிப்பேட்டை ஆய்வகம்:
அப்படியானால் பிளக்காத முப்பத்தொன்பதையும் நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமலே வெடிப்பு தொடங்கியிருக்கலாம். நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிடட்டும்.

குடியாத்தம் கன்னார்:
சரி. ஆனால் புதுக் கூட்டையும் ஒரே அழுத்தில் இறக்கினால் மடிப்பு மறுபடி வரும். அண்ணனிடம் அதைச் சொல்லுங்கள், தம்பி.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
கன்னார் ஐயா சொல்லும் இரண்டு படியை ஏற்கிறேன். ஹார்னெட்டை ஏற்கவில்லை. ஒரே கம்பெனியின் புது ஃபயர்பால் கூடுகளாக வாங்கட்டும். சுவரின் கனம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே இருக்கும் இடமும் மாறும். ஒன்றில் அளவான வெடிமருந்து இன்னொன்றில் மிகையாகிவிடும். ஒவ்வொன்றையும் எடைபோட்டு, விலகி நிற்பவற்றை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

காட்பாடி வாசகன்:
இருபது கூடு மட்டும் முதலில் வாங்குகிறாராம். .20 அச்சும் சேர்த்துத்தான். கழுத்துச் சுவரை அளந்து அனுப்பியதும் இங்கே எழுதுகிறேன்.