‘ஸ்ப்ளிட்’ பறவைக்குத் தமிழ்ச் சொல்: ‘உள்’ என்ற முன்னொட்டே போதும் என்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நிறத்தின் ஜீனை வெளியே காட்டாமல் வைத்திருக்கும் பறவையை ஆங்கிலத்தில் ‘ஸ்ப்ளிட்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டு மூன்று நாளாக இந்த இழையில் வந்த எல்லாவற்றையும் படித்தேன். பிளவு, கலப்பு, காவி, அரைநிறம், ஒளிநிறம், மறைநிறம் என்று ஆறு சொற்கள் வந்திருக்கின்றன. பன்னிரண்டு வருடமாக மொட்டைமாடியில் கூண்டு கட்டி, பானை தொங்கவிட்டு, தினை போட்டு பட்ஜி வளர்க்கிறவன் என்ற முறையில் இந்த ஆறும் ஏன் கூண்டுக்கு முன்னால் நின்று பேசும்போது உதவாது என்பதையும், என் மனதில் இருக்கும் சொல்லையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பறவை வளர்க்காதவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்ஜி என்பது நம் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிறார்களே, அந்த ஆஸ்திரேலியக் கிளி (உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம், அந்தப் பெயர்க் குழப்பத்துக்குத் தனி இழை வேண்டும்). காட்டில் இருக்கும் பட்ஜி பச்சை, முகம் மஞ்சள். 1840-இல் ஜான் கூல்ட் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1880-ஐ ஒட்டி பெல்ஜியத்தில் நீலம் பிறந்தது. தூய பச்சையையும் நீலத்தையும் ஜோடி சேர்த்தால் குஞ்சுகள் அத்தனையும் பச்சை. பார்வைக்குப் பச்சைப் பெற்றோருக்கும் குஞ்சுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு குஞ்சிடமும் நீல ஜீன் ஒன்று இருக்கிறது (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஜீன் ஜோடியாக வரும், இரண்டும் நீலமானால்தான் பறவை நீலம்). அப்படிப்பட்ட இரண்டை வேறு வேறு கூட்டிலிருந்து எடுத்து ஜோடி போட்டால் சராசரியாக நாலில் ஒரு குஞ்சு நீலம். அந்தப் பச்சையைத்தான் வளர்ப்பவர்கள் ‘பச்சை ஸ்ப்ளிட் நீலம்’ என்கிறார்கள். எழுதும்போது நடுவில் ஒரு சாய்கோடு: பச்சை/நீலம்.

இந்தச் சாய்கோடுதான் என்னை இந்த இழைக்குள் இழுத்தது. நம் எழுத்தில் சாய்கோட்டுக்கு ‘அல்லது’ என்று பொருள். ஆண்/பெண் என்று படிவத்தில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். விற்பனை விளம்பரத்தில் ‘பச்சை/நீலம் ஜோடி’ என்று பார்த்துவிட்டு இரண்டு நிறத்தில் ஏதோ ஒன்று வரும் என்று நினைத்துப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் படித்தேன். ஆகவே சொல் வேண்டும், குறியை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது.

சரி, வந்த சொற்கள்.

‘பிளவு’ ஆங்கிலச் சொல்லின் நேர் நிழல். இந்தப் பறவையில் எதுவும் பிளக்கவில்லை. செல் பிரியும்போது குரோமோசோம் பிரிவதைப் பேச நமக்கு அந்தச் சொல் வேறு இடத்தில் தேவைப்படும். ‘கலப்பு’ இன்னும் மோசம், ஏனென்றால் சந்தையில் கலப்பு என்றால் தரம் குறைந்தது என்று காதில் விழும். உள்ளே நீலம் இருக்கும் பச்சைக்கு உண்மையில் மதிப்பு அதிகம், அதை வாங்கத்தான் ஆள் தேடி வருகிறார்கள்.

‘காவி’ இலங்கை நண்பர் சொன்னது. சொல்லாக்கத்தில் குறையே இல்லை, காவுதல் என்றால் சுமத்தல், நோய்க்காவி என்பது அங்கே எல்லோருக்கும் புரியும். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது நிறங்களைப் பற்றி! ‘பச்சை, நீலக்காவி’ என்று கூண்டு அட்டையில் எழுதினால் தமிழ்நாட்டில் படிக்கிறவர் மூன்றாவதாக ஒரு நிறத்தைத் தேடுவார். மருத்துவத்தில் அந்தச் சொல் நன்றாக வாழட்டும், இங்கே வேண்டாம். ‘ஒளிநிற’த்துக்கும் இதே சங்கடம். ஒளிந்திருக்கும் நிறம் என்று எழுதியவர் நினைத்திருக்கிறார், படிக்கிறவர் பளிச்சென்ற நிறம் என்று எடுத்துக்கொள்வார்.

‘அரைநிறம்’ என்பதை நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். பாதி நீலம் என்று ஒன்று இங்கே கிடையாது. ஒரு ஜீன் மட்டும் இருந்தால் பாதி விளைவு தெரிகிற மாற்றங்கள் வேறு இருக்கின்றன. 1915-இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் தோன்றிய கருமைக் காரணி அப்படிப்பட்டது: பச்சைப் பறவையில் ஒன்று இருந்தால் கரும்பச்சை, இரண்டு இருந்தால் ஆலிவ். நீலத்தில் ஒன்றானால் கோபால்ட் (அடர்நீலம்), இரண்டானால் மாவ் (சாம்பல் கலந்த மங்கிய நீலம்). ‘அரை’ என்ற சொல்லுக்கு ஏதாவது வேலை இருக்குமானால் அது அங்கேதான், அங்கேயும் ஒற்றைக் காரணி, இரட்டைக் காரணி என்று அழகாகச் சொல்ல முடிகிறது.

‘மறைநிற’த்துக்குத்தான் அதிக ஆதரவு வந்திருக்கிறது, அதனால் அதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். மறைதல் என்பது பட்ஜியில் தனியாக நடக்கிற வேறு ஒரு சங்கதி. ஆல்பினோவை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீல வரிசைப் பறவை, இனோ ஜீன் மெலனின் நிறமியைத் துடைத்துவிட்டதால் வெள்ளையாகவும் கண் சிவப்பாகவும் இருக்கிறது. அந்த வெள்ளைக்கு அடியில் இரட்டைக் கருமைக் காரணி முழுசாக இருக்கலாம், அதாவது இனோ இல்லாவிட்டால் அது மாவ். அந்தக் கருமைக் காரணி தன் வேலையைச் செய்யத் தயார், மேலே வேறொரு ஜீன் போர்வை போட்டு மூடிவிட்டது. ஸ்ப்ளிட்டில் நடப்பது இதுவல்ல. அங்கே நீல ஜீன் ஒன்றுதான் இருக்கிறது, ஒன்று மட்டும் இருந்தால் அதனால் எதையும் காட்ட முடியாது, அவ்வளவுதான். இரண்டுக்கும் ‘மறை’ என்றே சொல்லிவிட்டால் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும்போது என்ன செய்வோம்? ஆல்பினோ வளர்க்கிறவர்கள் தினமும் அப்படிப்பட்ட வாக்கியம் பேசுகிறார்கள். இன்னொன்று, ஒடுங்கு பைடு (உடலில் வெளிர்த் திட்டுகள் வரும் வகை, இரண்டு ஜீன் இருந்தால்தான் முழுதாகத் தெரியும்) ஜீனை ஒன்று மட்டும் வைத்திருக்கும் பறவைகளில் பலவற்றுக்குப் பின்மண்டையில் ஒரு சின்ன வெளிர்ப் புள்ளி இருக்கும். முழுக்க மறையவில்லை, எட்டிப் பார்க்கிறது. ‘மறை’ என்று பெயர் வைத்தால் அந்தப் புள்ளி பெயரைப் பொய்யாக்கும்.

என் பரிந்துரை: ‘உள்’. தனிப் பெயர்ச்சொல்லாக இல்லை, முன்னொட்டாக. பச்சை ஸ்ப்ளிட் நீலம் என்பது ‘உள்நீலப் பச்சை’. அட்டையில் எழுதும்போது ‘பச்சை, உள்நீலம்’. இது நான் உட்கார்ந்து கண்டுபிடித்ததல்ல. எனக்கு முதல் ஜோடி கொடுத்த பெரியவர் ஒரு பச்சை ஆணைக் கையில் பிடித்துக்கொண்டு “உள்ளே நீலம் ஓடுது தம்பி” என்றார். ஸ்ப்ளிட் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது, ஆனால் அவர் சொன்னது அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. உள்நாடு, உள்மனம், உள்நோக்கம், உட்பகை என்று இந்த ‘உள்’ எவ்வளவு காலமாக நமக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது! வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்ற பொருள் விளக்கம் இல்லாமலே வந்துவிடுகிறது.

வரிசை முக்கியம். ‘நீலம் உள்ள பச்சை’ என்று எழுதிவிடாதீர்கள், அது நீலம் வெளியே தெரிகிற பச்சை என்றாகிவிடும். ‘உள்’ முன்னால் வர வேண்டும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் ஒன்று கனமானது, நேற்று தனிமடலில் ஒரு நண்பர் அதைத்தான் எழுதியிருந்தார். “எந்தப் பச்சை பட்ஜியும் உள்ளே நீலம்தானே, பிறகு ஒன்றை மட்டும் எப்படி உள்நீலம் என்பீர்கள்?” என்று. அவர் சொல்வது இயற்பியல்படி முழு உண்மை. பட்ஜியின் இறகில் பச்சை நிறமி என்று ஒன்று கிடையாது. இறகிழையின் பஞ்சு போன்ற நுண்ணமைப்பில் ஒளி சிதறி, பின்னால் இருக்கும் மெலனினால் நீலம் பளிச்சென்று தெரிகிறது. அதன்மேல் கிளிகளுக்கே உரிய மஞ்சள் நிறமி. இரண்டும் சேர்ந்துதான் பச்சை. நீல பட்ஜி என்பது மஞ்சளை இழந்த பட்ஜி. 2017-இல் வெளியான ஆய்வு இதை மூலக்கூறு வரை கொண்டுபோய்க் காட்டியது: மஞ்சளைத் தயாரிக்கும் பாலிகீடைடு சிந்தேஸ் நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம், 644-ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோஃபேன். அவ்வளவு சின்ன மாற்றம். நல்ல ஜீன் ஒன்று இருந்தாலே மஞ்சள் போதுமான அளவு உண்டாகிவிடுகிறது, அதனால்தான் ஸ்ப்ளிட் பறவை பச்சையாகவே இருக்கிறது.

ஆக, சுத்தமாகப் பெயர் வைப்பதென்றால் ‘உள் மஞ்சளிழப்பு’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மாற்றத்துக்கே உலகமெங்கும் நீலம் என்றுதான் பெயர், தோற்றத்தை வைத்து வைத்த பெயர். மரபியலில் இருந்துகொண்டு ‘உள்நீலம்’ என்றால் நீலம் என்ற மாற்றம் உள்ளே இருக்கிறது என்று பொருள், இறகில் இருக்கும் நீலத்தைச் சொல்லவில்லை. இறகின் நீலத்துக்கு ‘அமைப்பு நீலம்’ என்று வைத்துக்கொள்ளலாம். நண்பருக்கு இது முழுத் திருப்தி தருமா என்று பார்க்கிறேன், எனக்கு இந்த விலை கொடுக்கத் தகும் என்று தோன்றுகிறது.

அப்புறம், இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு வாரச்சந்தையில் பச்சைப் பெண் பட்ஜி ஒன்றை ‘லூட்டினோ ஸ்ப்ளிட்’ (லூட்டினோ என்பது இனோ ஜீனால் முழு மஞ்சளான பட்ஜி) என்று சொல்லி எனக்கு 200 ரூபாய் கூடுதலாக விற்றார்கள். நானும் தலையாட்டி வாங்கினேன். அப்படி ஒரு பறவை உலகத்தில் இருக்க முடியாது. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இனோ ஜீன் இசட்டில் இருக்கிறது. பெண்ணிடம் ஒரே இசட் என்பதால் இனோ இருந்தால் அது லூட்டினோவாக மஞ்சளாய்த் தெரியும், தெரியாவிட்டால் இல்லை, நடுவில் வேறு நிலையே கிடையாது. சின்னமன், ஓபலைன் என்ற நிறமாற்றங்கள் எல்லாம் இப்படித்தான். லூட்டினோ ஆணோடு சாதாரணப் பச்சைப் பெண்ணைச் சேர்த்தால் மகள்கள் எல்லாம் லூட்டினோ, மகன்கள் எல்லாம் உள்-இனோப் பச்சை. குஞ்சு கூட்டை விட்டு வருமுன்பே ஆண் பெண் தெரிந்துவிடும். ‘ஸ்ப்ளிட்’ என்ற சொல் அன்று எனக்கு ஒரு மந்திரம் மாதிரி இருந்தது, ஏதோ தரமான சரக்கு என்று மட்டும் புரிந்தது. ‘உள்ளே இனோ இருக்கு’ என்று தமிழில் சொல்லியிருந்தால் ‘உள்ளே என்றால் எங்கே?’ என்றாவது கேட்டிருப்பேன்.

இசட்டில் இருக்கும் மாற்றங்களுக்குப் பெண்ணில் ‘உள்’ வராததுபோலவே, ஸ்பாங்கிள் (இறகின் வரிகள் மாறும் வகை), சாம்பல் போன்ற ஓங்கு மாற்றங்களுக்கும் ‘உள்’ வராது. ஒன்று இருந்தாலே வெளியே தெரிந்துவிடும்.

சந்தேக நிலைக்குப் புதுச்சொல் வேண்டாம், ‘உள்நீலம் இருக்கலாம்’ போதும். இரண்டு உள்நீலப் பச்சைக்குப் பிறந்த பச்சைக் குஞ்சு என்றால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. நீலத்தோடு ஜோடி போட்டுப் பார்த்து ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்துவிட்டால் ‘உள்நீலம் உறுதி’. ஆறு குஞ்சும் பச்சையாக வந்தால்? அது உள்நீலமாக இருந்து இப்படி நடக்க 64-இல் ஒரு வாய்ப்புதான். நான் அதற்குப் பிறகு ‘உள்’ என்பதை அடித்துவிடுவேன்.

கரும்பச்சையில் உள்நீலம் வரும்போது இரண்டு வகை உண்டு. கருமையும் நீலமும் ஒரே குரோமோசோமில் பிணைந்தவை, குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு அந்தப் பிணைப்பு அவிழ்வது) சுமார் 14 சதவீதம்தான். ஆலிவுக்கும் வான்நீலத்துக்கும் (கருமைக் காரணி இல்லாத நீலம்) பிறந்தால் முதல் வகை, இளம்பச்சைக்கும் (கருமைக் காரணி இல்லாத பச்சை) மாவுக்கும் பிறந்தால் இரண்டாம் வகை. இரண்டாம் வகையை வான்நீலத்தோடு சேர்த்தால் கோபால்ட் நிறைய வரும், முதல் வகையில் அபூர்வம். ‘உள்நீலம் 1’, ‘உள்நீலம் 2’ என்று எழுதினால் முடிந்தது.

புணர்ச்சி பற்றி இலக்கண நண்பர்கள் தீர்த்துவைக்க வேண்டும். மரபுப்படி ‘உண்ணீலம்’ என்று வரும், ஆனால் அப்படி எழுதினால் ‘உள்’ளும் போய்விடும், நீலமும் அடையாளம் தெரியாது. உள்நாடு என்றே எழுதிப் பழகியிருப்பதால் உள்நீலத்தில் எனக்குத் தயக்கமில்லை. பைடுக்குத்தான் குழப்பம்: உட்பைடா, உள்பைடா? ஞாயிற்றுக்கிழமை கூண்டு அட்டைகளை எல்லாம் புதுச் சொல்லில் மாற்றி எழுதப் போகிறேன், பின்மண்டையில் புள்ளி உள்ள ஆண்கள் இரண்டு இருக்கின்றன. அதற்குள் யாராவது பதில் போட்டால் நல்லது.