முதன்முறையாகப் படிப்படியான மாச்சத்துக் குறைப்பு: சோறும் இடியப்பமும் உள்ள வீட்டில் எப்படித் தொடங்குவது?

சங்குப்பூ (வெள்ளவத்தை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 42, உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 74 கிலோ. சென்ற மாதம் எடுத்த குருதிப் பரிசோதனையில் எச்பிஏ1சி (குருதிச் சீனியின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 சதவீதம் என்று வந்தது. நீரிழிவு இன்னும் வரவில்லை என்றும், 6.5ஐ எட்டினால் அதை நீரிழிவு என்றே சொல்ல வேண்டியிருக்கும் என்றும், அதற்கு முன் நிறையைக் குறைத்துக்கொள்ளும்படியும் வைத்தியர் சொன்னார். முதல் இரண்டு வாரங்கள் சோறு, பாண், பழம், சீனி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பிறகு கட்டம் கட்டமாகச் சிலவற்றைத் திரும்பச் சேர்க்கும் முறையொன்றைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். இதுவரை எந்த உணவுக் கட்டுப்பாட்டையும் நான் கடைப்பிடித்ததில்லை.

எங்கள் வீட்டில் காலையில் இடியப்பம் அல்லது புட்டு, மத்தியானம் சோறு, இரவில் மீண்டும் இடியப்பம் அல்லது பாண். செவ்வாயும் வெள்ளியும் மரக்கறிச் சாப்பாடு. சோறு தின்னாமல் மனுசர் எப்படி வேலைக்குப் போவது என்று அம்மா கவலைப்படுகிறார். வெள்ளை மாவை விட்டுக் குரக்கன் புட்டும் சிவப்பரிசிச் சோறும் சாப்பிட்டால் போதாதா என்பது என் முதற்கேள்வி. மரக்கறி நாட்களில் என்ன சாப்பிடுவது என்பது இரண்டாவது. மூன்றாவது அப்பாவைப் பற்றியது. அவருக்கு வயது 71. பன்னிரண்டு வருடங்களாக நீரிழிவுக்கும் குருதி அமுக்கத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். “நானும் பிள்ளையோட சேர்ந்து செய்யிறன்” என்று ஆசையாகச் சொல்கிறார். அவரையும் சேர்த்துக்கொள்ளலாமா?

வல்லாரை (கொட்டாஞ்சேனை) எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் இரண்டு வருடங்களுக்கு முன் இதைச் செய்தேன். இன்றும் மூன்றாவது கட்டத்தில், அதாவது குறைந்த நிறையைப் பேணும் கட்டத்தில்தான் இருக்கிறேன். அப்பாவைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அதை அறிந்தவர்கள் சொல்லட்டும். சமையலறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எந்த முறை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் உங்கள் வெள்ளிக்கிழமை அதில்தான் தங்கியிருக்கிறது. 1972இல் அறிமுகமான அட்கின்ஸ் முறையின் முதற்கட்டத்தில் நார்ச்சத்தைக் கழித்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிராம் மாச்சத்துத்தான். அந்தக் கணக்குக்குள் பருப்பும் கடலையும் வரமாட்டா. மயாமியைச் சேர்ந்த இருதய வைத்தியர் ஆர்தர் அகட்ஸ்டன் வகுத்த சவுத் பீச் முறையில் கிராம் எண்ணும் வேலை இல்லை. முதல் இரண்டு வாரங்கள் சோறு, பாண், உருளைக்கிழங்கு, பழம், சீனி ஆகியவை விலக்கு, ஆனால் பருப்பு, பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றை அளவோடு சாப்பிடலாம். வாரத்தில் இரண்டு நாள் மீனும் முட்டையும் இல்லாத வீட்டுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் அனுபவம். நான் முதலில் அட்கின்ஸைப் பிடித்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் கத்தரிக்காயும் கீரையும் மட்டும் சாப்பிட்டு, மாலையில் வேலை முடிந்து வந்து படியேற முடியாமல் நின்றேன்.

குரக்கனைப் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. குரக்கன் மாவிலும் நிறையில் பத்தில் ஏழு பங்கு மாச்சத்துத்தான். சிவப்பரிசியில் நார்ச்சத்துக் கூட, அதனால் வெள்ளையரிசியைவிட நல்லது, ஆனால் மாச்சத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் நல்ல உணவுகள். அவற்றின் இடம் இரண்டாம் கட்டம். மரவள்ளியும் ஈரப்பலாக்காயும் மரக்கறிக் கடையில் கிடைப்பதால் மரக்கறி என்று நினைத்துவிடாதீர்கள். ஈரப்பலாவில் சோற்றளவு மாச்சத்து உண்டு, மரவள்ளியில் அதைவிடக் கூட.

அடுத்தது தேநீர். தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். ஒரு கோப்பையில் நான் போட்டது இரண்டு தேக்கரண்டி சீனியும் இரண்டு குவித்த தேக்கரண்டி பால்மாவும். சீனியில் 8 கிராம், பால்மாவில் 4 கிராம், ஆகக் கோப்பைக்கு 12 கிராம் மாச்சத்து. நாளொன்றுக்கு நான்கு கோப்பை குடித்தேன். கூட்டிப் பார்த்தால் 48 கிராம். அது ஒரு பெரிய கோப்பைச் சோற்றுக்குச் சமன். சோற்றை நிறுத்துவதைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்த நான், தினமும் ஒரு கோப்பைச் சோற்றைக் குடித்துக்கொண்டிருந்ததை அன்றுதான் கண்டேன். இப்போது இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீர்தான். முதல் நான்கு நாட்கள் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அம்மா உங்களுக்கெனத் தனியாக எதுவும் சமைக்கத் தேவையில்லை. வீட்டுக் கறிகளே போதும், தட்டில் அவற்றின் இடந்தான் மாற வேண்டும். சோறு இருந்த நடுப்பகுதியில் கோவா வறையையோ முருங்கையிலை வறையையோ நிறையப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் ஒரு மீன் துண்டு, சூரையோ பாரையோ விளைமீனோ எதுவானாலும் சரி. மறுபக்கம் வெண்டிக்காயோ போஞ்சியோ புடலங்காயோ, மேலே வல்லாரைச் சம்பல். சவுத் பீச் முறை நிறைகொழுப்பை (தேங்காய்ப்பாலில் கூடுதலாக உள்ள கொழுப்பு வகை) குறைக்கச் சொல்வதால் தேங்காயின் முதற்பாலைத் தவிர்த்து இரண்டாம் பாலில் கறி வைத்தோம். காலையில் இரண்டு முட்டைப் பொரியலும் வெங்காயமும் பச்சைமிளகாயும். மரக்கறி நாளில் அவித்த பயறு ஒரு சிறு கோப்பை, தேங்காய்ப்பூ கொஞ்சம். ஒன்று மட்டும் சொல்வேன்: இடியப்பத் தட்டு மேசைக்கு வருவதற்கு முன் உங்கள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். சொதியின் வாசனை வந்த பிறகு முடிவெடுப்பது கடினம்.

மூன்றாம் நாள் தலையிடியும் களைப்பும் வரலாம். மாச்சத்துக் குறையும்போது இன்சுலின் குறைகிறது, அதனால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. உப்புப் போட்ட இரசம் இரண்டு கோப்பை குடித்தபோது எனக்குச் சுகமானது.

ஓய்வுபெற்ற தாதி (தெஹிவளை) எழுதியது:

அன்புள்ள மகளுக்கு, அப்பாவைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதவே வந்தேன். வைத்தியரைப் பார்க்காமல் அப்பாவை இதில் சேர்க்க வேண்டாம். கெட்ட முறை என்பதால் அல்ல, குருதியிலுள்ள சீனியை நன்றாகக் குறைக்கும் முறை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் அவருடைய மாத்திரை அட்டைகளை எடுத்துப் பெயர்களைப் பாருங்கள். மெட்போமின் மட்டும் என்றால் சீனி ஆபத்தாக இறங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியுடமைட் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் நிலைமை வேறு. அவை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வழக்கமான சோற்றை விட்டால், முதல் நாளிலேயே சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போகலாம். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. டபாகிளிஃப்லோசின் அல்லது எம்பாகிளிஃப்லோசின் இருந்தால் ஆபத்து வேறு விதமானது. மாச்சத்தைக் கடுமையாகக் குறைக்கும்போது குருதியில் அமிலம் கூடும் நிலை வரலாம், அதுவும் சீனி அளவு பெரிதாக ஏறாமலே வரலாம் என்பதால் சீனி அளக்கும் மானியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இவற்றில் எதையும் நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை.

நான் கடமையிலிருந்த ஓர் இரவில், விரதமென்று இரண்டு வேளை சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிய ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். மேற்சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. சொந்த மகனை யாரென்று கேட்டார். வீட்டிலிருந்தவர்கள் களைப்பென்று நினைத்து அவரைத் தூங்கவிட்டிருந்தார்கள். அதனால் வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் இவற்றைக் கண்டால், அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் சீனியை அளந்து பாருங்கள். அந்த நேரத்தில் சொக்லேட் கொடுக்காதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

வல்லாரைத் தங்கச்சி எழுதிய உப்பு இரசம் அவருக்குச் சரியாக இருந்திருக்கும். ஆனால் குருதி அமுக்கத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதைப் பின்பற்ற வேண்டாம். நிறை குறையும்போது அமுக்கமும் குறைவதால் அந்த மாத்திரைகளின் அளவையும் மாற்ற நேரலாம். சிறுநீரக நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோரும் வைத்திய ஆலோசனையின்றித் தொடங்கக்கூடாது. உங்களுக்கு மகளே, மாத்திரை எதுவும் இல்லையென்றால் இந்தத் தடை இல்லை. எச்பிஏ1சி கடந்த மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது என்பதால், இரண்டு வாரத்தில் ஓடிப்போய் எடுக்காமல் மூன்று மாதம் கழித்து எடுங்கள்; கொழுப்புப் பரிசோதனையையும் அப்போது சேர்த்துச் செய்யுங்கள்.

காலை நடையாளன் (பம்பலப்பிட்டி) எழுதியது:

முதற்கட்டத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் தோற்றது இரண்டாம் கட்டத்தில் என்பதால் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் வாரத்தில் எனக்கு 3 கிலோ குறைந்தது. மகிழ்ச்சியில் பதினைந்தாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் வழக்கம்போலச் சாப்பிட்டேன். இரண்டு நாளில் 2 கிலோ திரும்பி வந்தது. எல்லாம் வீணாகிவிட்டது என்று மனமுடைந்து கைவிட்டேன். ஈரலிலும் தசையிலும் மாச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது என்பதையும், அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் தங்குகிறது என்பதையும் பிறகுதான் அறிந்தேன். முதலில் போனதில் பெரும்பகுதி நீர், திரும்பி வந்ததும் நீர். இதை முன்பே அறிந்திருந்தால் ஒரு வருடத்தை இழந்திருக்கமாட்டேன்.

இரண்டாவது முயற்சியில் வாரத்துக்கு ஒரு பொருளை மட்டும் சேர்த்தேன். முதல் வாரம் ஒரு கொய்யாப்பழம், அடுத்த வாரம் பப்பாசித் துண்டுகள், பிறகு ஒரு நேரம் குரக்கன் ரொட்டி, கடைசியாகச் சோறு. சமைத்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 28 கிராம் மாச்சத்து என்பதால் ஒரு சிறு கிண்ணத்தை அளவாக வைத்துக்கொண்டேன்; அகப்பையால் போட்டால் அளவு தெரியாது. கோட்டையில் வேலை செய்யும்போது சோற்றுப் பார்சலை விட்டு, கறிகளை மட்டும் வாங்கினேன். முதல் நாள் கடைக்காரர் வியந்தார், மூன்றாம் நாள் கேட்காமலே கட்டி வைத்தார். குளிர்பானப் போத்தலில் 2016 முதல் போடப்படும் நிற அடையாளத்தையும் கவனியுங்கள். செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று நான் குடித்தேன். அது 100 மில்லிலீற்றரில் 11 கிராம் சீனி வரை இருக்கலாம் என்பதன் அடையாளம்.

சங்குப்பூ (வெள்ளவத்தை) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மெட்போமினோடு கிளிக்கிளசைட்டும் இருக்கிறது. தாதியம்மா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த வாரம் கிளினிக் நாள் என்பதால், வைத்தியரைக் கேட்ட பிறகே அவருடைய சாப்பாட்டை மாற்றுவோம். அதுவரை அவர் வழக்கம்போலச் சாப்பிடுவார், மாலையில் என்னோடு மரைன் டிரைவில் நடக்க மட்டும் வருவார். எங்கள் வீட்டுக் கோப்பையிலும் சீனி இரண்டு கரண்டிதான், ஆனால் நான் குடிப்பது ஐந்து கோப்பை. நாளை முதல் இந்த வாரம் முழுவதும் தேநீரை மட்டும் மாற்றுகிறேன், திங்கட்கிழமை முதற்கட்டத்தைத் தொடங்குகிறேன். பட்டியலைக் கேட்ட அம்மா, இதெல்லாம் நான் எப்போதும் சமைக்கிற கறிகள்தானே என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமைக்குப் பொன்னாங்காணி இரண்டு பிடி வாங்கிவரச் சொன்னார்.