எக்கோவில (இதய ஸ்கேன்) 60 வீதம், நடந்தா நெஞ்சு இறுகுது. இதயம் பம்ப் பண்றது குறையுதா?

சம்மாந்துறை வாசகர்:
வாப்பாக்கு 61 வயசு, சீனி வருத்தம் 12 வருசம். வயல் வரம்பால வேகமா நடந்தா, பசளை பேக் தூக்கினா நடுநெஞ்சு இறுகி இடது கைக்கு இறங்குது. நிண்டா 3, 4 நிமிசத்தில போயிடும். கிளினிக்ல அஞ்சைனா (இதயத்தால வாற நெஞ்சு நோ) எண்டு சொல்லி எக்கோ எடுத்தாங்க. ஈஎஃப் 60 வீதம், பம்ப் நல்லம் எண்டாங்க. பம்ப் நல்லமெண்டா நோ எப்படி வருது? ஒவ்வொரு தரம் நோகக்குள்ளயும் இதயம் பலம் குறையுதா?

எக்கோ அறை, மட்டக்களப்பு:
தம்பி, எக்கோவில பாத்தது கட்டில்ல படுத்திருந்த இதயத்தை, வரம்பில நடக்கிற இதயத்தை இல்ல. இடது கீழறையில 120 மில்லிலீற்றர் நிரம்பி, ஒரு துடிப்பில 70 அளவு வெளியே போனா அந்த வீதம்தான் ஈஎஃப், 60க்குக் கிட்ட. ஓய்வில 55க்கு மேல இருந்தா நல்லம்.

இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோற குழாய் 70 வீதம் ஒடுங்கினாலும் சும்மா இருக்கக்குள்ள காணும். நடந்தா காணாது. கால் தசை எண்டா வாற இரத்தத்தில இருந்தே இன்னும் ஒக்சிசன் உறிஞ்சிச் சமாளிக்கும். இதயத்தசை ஓய்விலயே 70 வீதத்துக்கு மேல எடுத்து முடிச்சிடும், கூட இரத்தம் வந்தாத்தான் உண்டு. அதுவும் இடது கீழறைத் தசைக்கு இரத்தம் போறது பெரும்பாலும் அது தளர்ற நேரத்தில. துடிப்பு 70ல இருந்து 120க்கு ஏறினா அந்த நேரம்தான் கூட வெட்டுப்படுது.

மறுகா, நோ வாறது கடைசியில. முதல்ல தசை தளர்றது மந்தமாகும், தளரவும் சக்தி வேணும். அறை விறைச்சு, அழுத்தம் நுரையீரல் பக்கம் ஏறி மூச்சு வாங்கும். பிறகு இரத்தம் குறைஞ்ச சுவர்த்துண்டு மட்டும் மற்றதோட சேர்ந்து உள்ளே இழுபடாது. அதுக்குப் பிறகு ஈசிஜி மாறும், பிறகு நோகும். சீனி வருத்தக்காரருக்கு அந்தக் கடைசிப் படி தெரியாமலே போகலாம். வாப்பாக்கு நடக்கக்குள்ள மூச்சு முட்டுதா எண்டு கட்டாயம் கேளுங்க.

சம்மாந்துறை வாசகர்:
மூச்சும் வாங்குது. வயசு எண்டு விட்டிட்டம். அப்ப தசை செத்துப்போகுதா?

எக்கோ அறை, மட்டக்களப்பு:
நிண்டவுடன் போற அஞ்சைனாவில தசை சாகிறதில்ல. சாகிறது மாரடைப்பில. ஆனா கடுமையா வந்து போனா, இரத்தம் திரும்பின பிறகும் அந்தத் துண்டு சில மணித்தியாலம், சிலவேளை நாள்கணக்கா மரத்து நிக்கும். மாதக்கணக்கா இரத்தம் குறைவெண்டா தசை சாகாம வேலையைக் குறைச்சு உறங்கும். அப்பதான் ஓய்வு எக்கோவிலயும் ஈஎஃப் 40, 35 எண்டு இறங்கும். ஒடுங்கின குழாய்க்கு ஸ்டென்ட், பைபாஸ் செய்தா அந்தத் தசை பலருக்கு எழும்பும், எல்லாருக்கும் இல்ல. மூச்சு வாங்கிறதை அடுத்த கிளினிக்ல சொல்லி, நடந்து எடுக்கிற ஈசிஜியோ, இதயக் குழாயைப் படம் எடுக்கிற அஞ்சியோகிராமோ தேவையா எண்டு கேளுங்க.

மருந்தகம், கல்முனை:
நோ வந்தா நாக்குக்குக் கீழ வைக்கிற ஜிடிஎன் குளிசை தந்திருப்பாங்க, 0.5 மில்லிகிராம். வாப்பா இருந்துகொண்டு வைக்கட்டும், நிண்டு வைச்சா பிரசர் இறங்கி விழுவார். விழுங்கினா ஈரலிலயே பெரும்பகுதி முறிஞ்சு போகும். இது நாளங்களை விரிச்சு, இதயத்துக்குத் திரும்புற இரத்தத்தைக் குறைக்கும், அறை சுருங்கும், வேலைப்பழு குறையும். 5 நிமிசத்தில குறையாட்டி 1990 அம்புலன்சுக்கு அடிச்சிட்டு இரண்டாவதை வைங்க. மூண்டுக்கு மேல வேணாம்.

குளிசை வந்த கபிலக் கண்ணாடிப் போத்தல்லயே இருக்கட்டும். பொலித்தீன்ல சுத்திச் சட்டைப் பையில வைச்சா மருந்து பறந்திடும். மூடி திறந்த திகதியைப் போத்தல்ல எழுதி 8 கிழமையில மாத்துங்க. ஆண்மைக்குறைவுக்கு எடுக்கிற சில்டெனாஃபில் குடிச்சிருந்தா 24 மணித்தியாலத்துக்கு இதைத் தொடக்கூடாது, தடலாஃபில் எண்டா 48. அட்டெனோலோல் மாதிரித் துடிப்புக் குறைக்கிற குளிசையை நோ இல்லையெண்டு திடீரெண்டு நிப்பாட்டினா அஞ்சைனா கூடிக்கொண்டு திரும்பும். நோன்புக்கு நேரம் மாத்திறதெண்டாலும் முதல்ல கிளினிக்ல கேளுங்க.

சும்மா இருக்கக்குள்ள நோ வந்தா, முந்தினதைவிடக் கொஞ்சத் தூரத்திலயே வந்தா, கிளினிக் திகதி வரை பாத்திருக்க வேணாம். அண்டைக்கே ஆஸ்பத்திரி.