சியோலில் சைவத் தொடுகறி கிடைக்கும் இரவுக் கடை தேவை

நண்பர்களே, சியோலில் ஜோங்னோ 3-கா நிலையத்தருகே நானும் ஒரு நண்பனும் தங்கியிருக்கிறோம். அவன் எதையும் சாப்பிடுவான். நான் முட்டைகூடத் தொடாத சைவம். மதுவுக்குத் தடையில்லை, சிக்கலெல்லாம் தொடுகறியில்தான். போஜாங்மாச்சா எனும் கூடாரக் கடைகளில் சோஜு எனும் கொரிய மது மட்டும் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அன்ஜு, அதாவது மதுவுக்கான தொடுகறி, ஒன்றாவது வாங்கியாக வேண்டும். அதில் கோழிப் பாதம், குடல், சிப்பி என எல்லாமே கவிச்சி.

கொரிய மொழியில் எழுதிய சீட்டை நீட்டிப் பார்த்தேன். கடைக்கார அம்மா தலையசைத்துவிட்டு, வெந்த டோஃபுவும் வதக்கிய கிம்ச்சியும் (கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய்) கொண்டுவந்தார். கிம்ச்சிக்கு நடுவே பன்றிக்கொழுப்பு பளபளத்தது. நண்பனுக்குக் கொண்டாட்டம். (கிம்ச்சியிலேயே பெரும்பாலும் உப்பிட்ட இறால் உண்டு, அது வேறு கதை.) குவாங்ஜாங் சந்தையில் பாசிப்பயற்றை அரைத்துப் பொரிக்கும் பிந்தேத்தொக், நம் பெசரட்டுக்கு அண்ணன், விசாரித்தால் மாவிலேயே பன்றி இறைச்சி. உல்ஜிரோ பீர் சந்தில் காய்ந்த மீன்தான் பிரதானம். இன்சாதொங்கில் நாங்கள் போன சைவ உணவகமோ இரவு சீக்கிரமே கடையைக் கட்டிவிட்டது.

மெட்ரோ நள்ளிரவையொட்டி நின்றுவிடும் என்பதால், நடந்து திரும்பும் தூரமாக இருக்க வேண்டும். ஞாயிறு காலை விமானம். உருளைக்கிழங்கை அரைத்துச் சுடும் கம்ஜாஜோன் கிடைத்தாலே எனக்குப் போதும்.

ஜோங்னோ, உல்ஜிரோ, இக்சொன்தொங் பக்கம் நள்ளிரவுக்குப் பிறகும் திறந்திருந்து, இறைச்சியோ மீனோ கலக்காத தொடுகறியுடன் மக்கொல்லி எனும் அரிசி மது தரும் கடை எது?