கடல் பின்வாங்கிய தெருக்களின் பழைய தமிழ்ப் பெயர்கள்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் பொருள் மாறிப்போன இடப்பெயர்களைத் தொகுத்து வருகிறேன்.

மலாய் மொழியில் 'தெலுக் ஆயர்' என்றால் நீர் வளைகுடா என்று பொருள். அந்தப் பெயர் கொண்ட சிங்கப்பூர்த் தெருவில் 1830இல் கட்டி முடிக்கப்பட்ட நாகூர் தர்காவின் வாசலில் இன்று நின்று பார்த்தால், ஒரு காலத்தில் அலை வந்து தொட்ட கரை அதுதான் என்பதை நம்பவே முடியாதபடி, உயர்ந்த கட்டடங்கள் கடலை முற்றிலும் மறைத்து நிற்கின்றன. பீச் ரோட்டிலும் இதே நிலைதான். 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் நிலப்பரப்பு இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. ஏழு தீவுகளை இணைத்து உருவாக்கிய ஜூரோங் தீவில், சக்ரா, செராயா, மெர்லிமாவ் என்ற தீவுப் பெயர்கள் சாலைப் பெயர்களாகவே எஞ்சியுள்ளன; இதுவாவது மிஞ்சியதே என்பதில் எனக்கு ஆறுதல் உண்டு.

ஆவணங்களில் மலாய், ஆங்கிலப் பெயர்களே பெரும்பாலும் கிடைக்கின்றன. ஆகவே, துறைமுகத்திலும் படகுகளிலும் வேலை செய்த நம் முன்னோர் இந்தக் கரையோர இடங்களைத் தமிழில் எப்படி அழைத்தார்கள் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால், அவர்கள் சொன்ன உச்சரிப்பை மாற்றாமல், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில் வழங்கியது என்பதையும் சேர்த்துத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய கடிதங்களின் முகவரிப் பகுதியைப் படமெடுத்து அனுப்பினாலும் பேருதவியாக இருக்கும்.