1970 ஜாவா: கிராங்க் வேலைக்கும் மறுபதிவுக்கும் வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையில் வசிக்கும் நான், புனலூரில் வாங்கிய 1970ஆம் ஆண்டு ஜாவா 250 மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பிரித்துச் சீரமைத்து வருகிறேன். சேஸிஸ், மட்கார்டு ஆகியவற்றின் துரு நீக்கம் முடிந்துவிட்டது, சிக்கல் எஞ்சினில்தான்.

வண்டி ஓடும்போது வெண்புகை அடங்காமல் வந்ததோடு கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனதால், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்து, அவ்வழியே ஆயில் கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) இருக்கும் அறைக்குள் உறிஞ்சப்படுகிறது என்று கருதுகிறேன். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையிலும் ஆட்டம் இருக்கிறது. சீலை நானே மாற்றிவிடுவேன். ஆனால் அழுத்திப் பொருத்தப்பட்ட கிராங்கைப் பிரித்து, புதுப் பேரிங் இட்டு, மீண்டும் அலைன்மென்ட் பார்ப்பது சுத்தியலால் ஆகிற காரியமன்று. தென்காசி, புனலூர், திருநெல்வேலி வட்டாரத்தில் பிரஸ்ஸும் (அழுத்து எந்திரம்) டயல் கேஜும் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) கொண்டு இதைச் செய்துதரும் லேத் பட்டறை இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அடுத்தது பதிவு. 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கென 2021இல் வந்த விதியின்படி ‘வி.ஏ.’ என்ற விண்டேஜ் பதிவெண் பெற விரும்புகிறேன். 6 வோல்ட் மின்னமைப்பை 12 வோல்ட்டுக்கு மாற்றவும் ஒற்றை இருக்கை பொருத்தவும் ஆசை உண்டு (ஆசைக்கு ஏது அளவு!). இவற்றில் எது ஆய்வில் தடையாகும்? கேரளப் பதிவு வண்டியாதலால், அங்கே தடையின்மைச் சான்று பெற்ற பிறகே தமிழ்நாட்டில் விண்ணப்பிக்க வேண்டுமா? எல்லை தாண்டி வாங்கிய வண்டிக்கு இதைச் செய்து முடித்தவர்கள், எந்த ஆவணத்தை முதலில் கேட்டார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டுகிறேன்.